விரியாத மருந்து

...இல்லை, மேல் மாடி மேடம் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடித்தே தீருவேன் என்று இந்த மாடியிலேயே சிலர் கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்து மேசைத் தாடிக்காரன் ஒருவனே போதும் அதற்கு, இருந்தும் முடியவில்லை, ஏனென்றால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று முதல் ஆளாக அவரே எழுதி வைத்துவிடுகிறார், அப்புறம் யார் போய் என்னத்தைக் கண்டுபிடிப்பது... திரையில் பச்சைப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. அவன் குழு எழுதிய கம்ப்யூட்டர் நிரலின் ஒவ்வொரு சோதனையும் தேறத் தேற ஒரு புள்ளி, ஓட்டுக் கூரையில் ஆரம்பத் தூறல் விழுகிற மாதிரி, கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் சேர்ந்து. எல்லாம் முடிந்ததும் 'வெளியிடலாம்' என்ற பொத்தானுக்கு உயிர் வரும். அதை அவன்தான் அழுத்த வேண்டும், வேறு யாரும் அழுத்த முடியாது, பொறுப்பு என்று அவன் பெயர் போட்டிருக்கிறது. அழுத்தினால் இன்று மாலையே ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் டாக்டர்கள் காகிதத்தை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் பலகையில் மருந்து எழுதத் தொடங்குவார்கள். பலகை என்று பெயர் வைத்தது நர்சுகள், டேப்லெட் என்று சொன்னால் யாராவது தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறார்களாம். இதைச் சொன்னது தங்கச்சி. அந்த வார்டில்தான் அவள் நர்ஸ். இன்று மாலையிலிருந்து பலகையில் வருவதைப் பார்த்து ஊசியில் மருந்தை உறிஞ்சி எடுக்கப் போவது அவள் கை.

வேண்டாம் மேடம் என்றுதான் கம்பெனி முழுக்க அவருக்குப் பெயர். மேல் மாடியில், ஜெனரேட்டர் புகை வருகிற ஜன்னலோரம், அவரும் இன்னொருவரும் மட்டும். அவர்கள் எதையும் விற்பதில்லை, எந்த வாடிக்கையாளரும் அவர்களைப் பார்த்ததில்லை. கம்பெனியில் இருக்கிற அத்தனை குழுவுக்கும் பொதுவாக, ஒரு நிரலை எப்படி எழுத வேண்டும், எப்படி எழுதக் கூடாது என்று வழிகாட்டி எழுதுவதும், அந்த வழியிலேயே ஒரு மாதிரியை முழுதாகக் கட்டி ஓடவிட்டுக் காட்டுவதும்தான் வேலை. இப்படிச் செய்ய வேண்டாம், இதை நம்ப வேண்டாம், இங்கே அவசரப்பட வேண்டாம்... பக்கத்துக்குப் பக்கம் வேண்டாம், அதனால் வேண்டாம் மேடம். பெயர் வைத்தவர்கள் எல்லாம் அவர் நிரலைத்தான் எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை. அவர் கட்டிக் காட்டிய மாதிரி, ஒரு குடைக்கடை. நிஜத்தில் எங்கேயும் இல்லாத கடை. கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, மடக்குக் குடை, யாரோ ஒருவர் ஒரு குடை கேட்பார், கடை அனுப்பும். அவ்வளவு சின்ன விஷயத்துக்குள் அத்தனை வில்லங்கத்தையும் கொண்டுவந்து வைத்திருந்தார், கேட்டவர் மனம் மாறினால், குடை ஒன்றுதான் மிச்சம் ஆள் ரெண்டு பேர் என்றால், பாதி வழியில் கரண்டு போனால். மற்றவர்கள் எழுதும் மாதிரிகளில் எல்லாம் சரியாக நடக்கும், கல்யாண போட்டோ போல எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவருடையதில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டினால் இணைப்பு அறுந்துபோகும். 'ஓடவிட்டு, நடுவில் அறுத்துவிட்டு, என்ன ஆகிறதென்று பாருங்கள்' என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார். சம்பளப் பிரிவுக் குழு ஒன்று மொத்தமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, யாரோ விடுப்பு கேட்டபோது 'மன்னிக்கவும், குடை தீர்ந்துவிட்டது' என்று பதில் வந்ததை இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரித்திருக்கிறான். தாடிக்காரன் சொல்வான், "படிச்சவன் காப்பியடிச்சா அதுக்குப் பேரு முறை, படிக்காதவன் அடிச்சாத்தான் பிட்டு."

தாடிக்காரனுக்குத் தெரியாது, அந்த வழிகாட்டியை முதல் தடவை படித்த அன்று இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் கேலி செய்வான். அலுவலகக் காகிதத்தைப் படித்து அழுதவன் என்று அதற்கும் ஒரு பெயர் வைப்பான். ஆனால் இவன் வளர்ந்தது மர அறுவை மில்லுக்குப் பின்பக்கத்துக் கொட்டகையில், அப்பா ரம்பத்தில், அம்மா தூள் மூட்டை சுமக்க. அங்கே எழுதிய விதி என்று ஒன்றுகூடக் கிடையாது. கட்டையைக் கையால் தள்ளாதே, குச்சி வைத்துத் தள்ளு என்பது எப்போது விதியானது என்றால் சித்தப்பாவின் விரல் போன மறுநாள். ஈர மரத்துக்கு எதிரே நிற்காதே என்பது, எதிரே நின்றவன் போன பிறகு. புதிதாக வருகிறவனுக்கு மேஸ்திரி எதையும் சொல்ல மாட்டார், சித்தப்பாவைக் கூப்பிட்டு, "கையக் காட்டுடா" என்பார், சித்தப்பாவும் காட்டுவார், அதுதான் பயிற்சி. இதில் ஒரு அழகும் இல்லை, உழைப்பின் பெருமை அது இது என்று யாராவது மேடையில் பேசினால் அவனுக்கு வயிறு எரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவனுக்கு, முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர், இனி வரப்போகிற யாரோ ஒருவனுக்காக உட்கார்ந்து, இங்கே கை வைத்தால் போகும், ஏன் போகும், குச்சி இதோ என்று காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார் என்றால்... ஒரு விரலும் போவதற்கு முன்பே. அதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது. இவர் போல நாமும் ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று அன்று நினைத்தான். எழுதவில்லை. எடுத்து ஒட்டினான், எல்லோரையும் போல.

போன் நடுங்கியது. தங்கச்சி. எடுத்ததுமே, "அண்ணா, அப்பா காது மிஷினக் கழட்டிச் சட்டப் பையில போட்டிருக்காரு, அம்மா பாக்காம சட்டைய ஊற வச்சிட்டாங்க" என்றாள். ஓடுகிறதா என்று கேட்டான். "எது, மிஷினா? இப்ப அது அவரவிட மோசம், யாரு சொல்றதையும் கேக்க மாட்டேங்குது." ரம்பம் தின்ற காது, ஒரு ஆயுளுக்குச் சேர்த்து ஒரே இரைச்சலாகக் கேட்டு முடித்துவிட்ட காது, இனி மிஷின் என்ன செய்யும், இருந்தாலும் வேறு வாங்க வேண்டும், எங்கே, எப்போது... காலையிலிருந்து கூப்பிடுகிறேன், நீ எடுக்கவே இல்லையே என்றான். "கீழ ஸ்கேன் ரூம்ல இருந்தேன்ணா, ஒரு அம்மாவக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அங்க சிக்னல் ஒண்ணும் எடுக்காது, சுவரு அவ்வளவு தடி. எங்க பெரிய டாக்டரே, பழகிப் பாக்கக் குடுத்த உங்க பலகையத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, இது மேல போனாத்தான் வாயத் தொறக்கும்னு கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு. சாயங்காலம் பூங்கொத்தெல்லாம் வருதாமே, ரிப்பன் வெட்டப் போறாங்களா? சரி வை, மணி அடிக்கிறாங்க." வைத்துவிட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான், பேச்சை முடிப்பதில்லை, கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள். சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போதும் இப்படித்தான், வாளியை வைத்த சத்தம் கேட்டுத் திரும்பினால் ஆள் இருக்காது... காது மிஷின் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? பச்சைப் புள்ளிகள் வேகம் எடுத்திருந்தன. கடைசிப் பகுதி. இதில் மட்டும் சோதனையின் பெயரும் கூடவே விழும். மருந்து ஒருமுறை கேட்டால் ஒருமுறை வர வேண்டும், சரி. மருந்து தீர்ந்திருந்தால் சொல்ல வேண்டும், சரி. ஒரே பொத்தானை இருமுறை அழுத்தினாலும் மருந்து ஒன்றுதான், சரி. விரியாத மருந்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், சரி.

விரியாத மருந்தா?

சிரித்துவிட்டான். தாடிக்காரன் திரும்பிப் பார்த்தான், ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். விரியாத குடை. குடைக்கடையில் அப்படி ஒரு சோதனை இருந்தது, விரியாத குடையைக் கொண்டுவந்தால் கடை திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். நிரலோடு சேர்த்துச் சோதனைகளையும் அங்கிருந்தே எடுத்தார்கள், எடுத்து, குடை என்று இருந்த இடத்திலெல்லாம் மருந்து என்று ஒரே தட்டில் மாற்றினார்கள், மாற்றியவன் விரியாத என்பதைப் பார்க்கவில்லை, பார்க்கவே வேண்டியதில்லை, தேறிவிட்டதே. இத்தனை நாளாகத் தேறிக்கொண்டிருக்கிறது. மருந்து விரிகிறதா இல்லையா என்று தினமும் சோதித்து, தினமும் பச்சை வாங்கி... சிரிப்பு பாதியில் நின்றது. ஏன் நின்றது என்று உடனே தெரியவில்லை.  இத்தனை பச்சையும் எதைச் சொல்கிறது? நாங்கள் குடைக்கடையை ஒழுங்காகக் காப்பியடித்திருக்கிறோம் என்று சொல்கிறது. அதை மட்டும். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு புள்ளியாவது ஏதாவது சொல்கிறதா... பெரிய டாக்டர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேலே போனால்தான் வாயைத் திறக்கும். எவ்வளவு நேரம் கழித்து?

மாதிரியைத் திறந்தான். அந்த இடம் அவனுக்கு மனப்பாடம், இருந்தும் திறந்தான். விஷயம் எளிமையானது, அதை எளிமையாக்கியதே அவர்தான். ஒருவர் குடை கேட்டு அழுத்துகிறார், கேட்டது கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் கிடைத்தது என்ற பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அவர் கையில் இருக்கும் கருவி, போய்ச் சேரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அதையே மறுபடி அனுப்பும். விட்டால் குடை ரெண்டு வரும். அதனால் ஒவ்வொரு கேட்புக்கும் ஒரு அடையாள எண், அதே எண் மறுபடி வந்தால், இது ஏற்கெனவே வந்ததுதான் என்று கடை ஒதுக்கிவிடும். எவ்வளவு நேரம் வரை அந்த எண்ணை ஞாபகம் வைத்திருக்கும்? பத்து நிமிடம். அதற்குப் பிறகு மறந்துவிடும், மறந்தபின் அதே எண் வந்தாலும் புதுசு. இவனுடைய நிரலிலும் பத்து நிமிடம்தான். மருந்தை அழுத்திவிட்டு, பதில் வருவதற்குள் லிஃப்டில் ஏறி, கீழே ஸ்கேன் அறைக்குப் போய், கக்கத்தில் பலகையோடு நின்று, பேசி, படம் பார்த்து, மேலே வந்தால்... அதே ஊசி பட்டியலில் இன்னொரு தடவை. நிதானமாக இருக்கும் நர்ஸ் என்றால் கேட்பாள், என்ன டாக்டர், ரெண்டா என்று. மணி அடிக்கிறார்கள் என்று பேச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறவள்? கேட்பாளா? கேட்கலாம். கேட்காமலும் போகலாம், எழுதியிருக்கிறதே, திரையில் வந்திருக்கிறதே, அண்ணன் செய்த பலகை ஆயிற்றே.

அந்த எண்ணுக்கு மேலே அவர் எழுதியிருந்தார். 'குடை கேட்டவர் பதிலுக்காகப் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார், வேறு கடைக்குப் போய்விடுவார், அதனால் பத்து. இது குடைக்கடையின் எண். உங்கள் ஆட்கள் எவ்வளவு நேரம் இணைப்பில்லாமல் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. போய்ப் பாருங்கள். தேவைக்கு மேல் நீட்டவும் வேண்டாம், நீட்ட நீட்ட ஒவ்வொரு கேட்புக்கும் பதில் தாமதமாகும், தாமதமானால் மனிதர்கள் மறுபடி அழுத்துவார்கள்.' எத்தனையோ தடவை படித்த வரி. படித்து, ஆகா, என்ன மாதிரி எழுதுகிறார் பார் என்று வியந்த வரி. அந்தக் குழு, இந்தக் குழு என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார், எவ்வளவு தெளிவு என்றே நினைத்தான். தன்னிடம் சொல்கிறார் என்று தோன்றியதே இல்லை. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவரைப் பார்த்தபோது, உங்க குடைக்கடைதான் மேடம் எங்க ஆஸ்பத்திரியில ஓடப்போகுது என்று பெருமையாகச் சொன்னான். அவர் குவளையைக் கையில் பிடித்தபடியே, "ஐயையோ, ஆஸ்பத்திரியா? வார்டுக்குப் போய்ப் பாத்தீங்கதானே?" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான் அதை. குழுவில் யாராவது போயிருப்பார்கள் என்று சொன்னான். குழுவில் எல்லோரும், யாராவது போயிருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

கடைசிப் புள்ளி விழுந்துவிட்டது. பொத்தானுக்கு நிறம் வந்தது. பின்னாலேயே அவசரம் வந்து நின்றார், குழுத் தலைவர், அவரை அப்படித்தான் கூப்பிடுவது, அவருக்கும் தெரியும், கோபப்பட நேரமிருக்காது. "என்னப்பா, எல்லாம் பச்சைதானே, அழுத்திட்டு வா, வண்டி கீழ நிக்குது." பச்சைதான் சார், ஆனா குடைக்கடைக்குப் பச்சை என்றான். "என்ன உளர்ற?" சொன்னான். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது, முட்டாள் இல்லை அவர், அவசரம் மட்டும்தான். ஸ்கேன் அறை என்றதும் நெற்றியைத் தேய்த்தார். அப்புறம் சட்டென்று குனிந்து, "இதுக்கா இவ்வளவு? பத்த அறுபதாக்கு. முடிஞ்சுது. ஒரு மணி நேரம் யாரு கீழ இருக்கப் போறா?" என்றார். அதுவும் சரிதானே. விரல் தானாகவே போனது. பத்தை அழித்தான், அறுபது என்று அடித்தான். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, வட்டமான எண். மேலே ஒரு வரி எழுத வேண்டும், அவர் போலவே, ஏன் அறுபது என்று. 'டாக்டர்கள்' என்று ஆரம்பித்தான். டாக்டர்கள் என்ன? ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழே இருக்க மாட்டார்களா? யார் சொன்னது? 'ஸ்கேன் அறையில்' என்று மாற்றினான். ஸ்கேன் அறையில் என்ன? பத்து தப்பான இடத்துக்கு வந்துவிட்ட எண், ஆனால் அதற்குக் கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான், குடைக்குக் காத்து நின்று சலித்துப் போகிற ஒரு மனிதன், இல்லாத கடைக்கு வந்த இல்லாத மனிதன்தான், ஆனாலும் அவனை அவர் பார்த்திருக்கிறார், அவன் எப்போது கிளம்புவான் என்று யோசித்திருக்கிறார். அறுபதுக்குக் கீழே யாருமே இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது.

"எழுதுறதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம், அழுத்து" என்றார் அவசரம். இல்ல சார், இன்னைக்கு வேணாம். அவர் நிமிர்ந்தார். "வேணாமா? மேல் மாடிக்கு மாத்தலாகிப் போறியா நீ?" தாடிக்காரன் சிரித்தான், பிறகு தான் சிரித்தது தப்பான நேரம் என்று பட்டதோ என்னவோ குனிந்துகொண்டான். "பூங்கொத்து வாங்கி வச்சிருக்காங்கப்பா அங்க. நான் போய் என்ன சொல்ல?"  இந்த வருடம் அவனுக்கு வரவேண்டிய உயர்வு இந்தப் பொத்தானில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அது இருவருக்கும் தெரியும். 'நிறுத்து' என்பதை அழுத்தினான். காரணம் கேட்டு ஒரு பெட்டி விரிந்தது. தொழில்நுட்பக் காரணங்களால் என்று அடித்தான், அழித்தான். கூடுதல் மதிப்பாய்வு தேவைப்படுவதால் என்று அடித்தான், அதையும் அழித்தான், இப்படித்தானே எல்லோரும் எழுதுகிறோம், படித்தால் யாருக்கும் எதுவும் புரியாத மாதிரி. பிறகு மெதுவாக அடித்தான், 'ஆஸ்பத்திரியில் இந்த நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. போய்ப் பார்க்கவில்லை.' தன் பெயருக்குப் பக்கத்தில் தெரியவில்லை என்ற சொல்லை இந்தக் கட்டடத்தில் ஒருநாளும் எழுதியதில்லை. மில் கொட்டகையிலிருந்து வந்தவன் அதை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தானே வைத்துக்கொண்ட விதி, அதற்கு என்ன காரணம், அதற்குக் கீழே யார் நிற்கிறார்கள்... அனுப்பினான். அவசரம் போனைக் காதில் வைத்தபடி வராந்தாவை நோக்கி நடந்தார், "ஐயா வணக்கம், ஒரு சின்ன தாமதம்" என்று குரலைக் குழைத்துக்கொண்டே. பாவம், அதையும் யாராவது செய்ய வேண்டும்.

தங்கச்சியைக் கூப்பிட்டான். எடுக்க மாட்டாள் என்று நினைத்தான், எடுத்தாள், மூச்சு வாங்கியது. உங்க வார்டுக்கு வரலாமா இன்னைக்கு என்றான். "ரிப்பன் வெட்டுறதுக்கா?" அது இல்லை, தள்ளிப்போட்டாச்சு, சும்மா பார்க்க. "என்னத்தப் பாக்கப் போற?" டாக்டர் கீழே போனால் எவ்வளவு நேரம் கழித்து மேலே வருகிறார் என்று. "அது எப்டிண்ணா சொல்றது? ஒருநாள் போன கால்லயே திரும்புவாரு, ஒருநாள் அங்கருந்தே சாப்பிடப் போயிடுவாரு, பலகைய எங்கிட்டக் குடுத்துட்டு. நான் அத சோத்து வாளி மாதிரி தூக்கிட்டு அலைவேன்." அவள் கையிலா? பலகை அவள் கையிலும் இருக்குமா? அது எங்கேயுமே இல்லையே, நிரலில் பலகை என்றால் டாக்டர்தான்... "சரி வா. வந்தா ஓரமா நில்லு, என்ன, கதவுகிட்ட நிக்காத, தள்ளுவண்டி வரும், இடிச்சா நாங்க பொறுப்பில்ல." போனை வைத்துவிட்டாள். அவன் பையை எடுத்துத் தோளில் போட்டான், திரையில் வார்டு அப்படியே திறந்திருந்தது, அவனே வரைந்தது, வருடக்கணக்காக வரைந்து அழித்து வரைந்தது, ஒவ்வொரு கட்டிலும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெண்ணின் பெயர், கட்டத்தின் மூலையில் அடுத்த மருந்தின் நேரம், கண்ணை மூடினாலும் எந்தக் கட்டம் எங்கே என்று சொல்வான். ஓரமாக நில் என்கிறாளே, எது ஓரம்? கதவு எந்தப் பக்கம் இருக்கிறது? மேலே தேடினான், கீழே தேடினான்... அந்த வார்டில் கதவே இல்லை, யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ அவன் ஒரு வழியும் வரைந்திருக்கவில்லை.